நாற்பத்தொன்றாம் பொறி

விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம்.
செடர்பர்க் பாறைகளில் உறைபனி
உப்புத் தூவியதுபோல் நிற்கிறது.
தகரப் பொறிகள் நாற்பது.
ஒவ்வொன்றிலும்
வேர்க்கடலைப் பசையில் ஓட்ஸ் பிசைந்து
நேற்று அந்தியில் நான் உருட்டி வைத்த
நெல்லிக்காய் அளவு உருண்டை.
வழியில் நானே இரண்டு தின்றேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

நான் பார்க்க வந்த பூ
நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது.
புதரை விலக்கி முழங்காலிட வேண்டும்.
மண்ணில் கன்னம் ஒட்டிக் கிடக்கும்
பழுப்பு நிறப் புரோட்டியா.
புளித்த மாவின் வாடை.
கேப் டவுன் கடைகளில் இதற்கு விலை இல்லை.
கல்யாணத்துக்கோ கல்லறைக்கோ
எவரும் கேட்டதில்லை.

"எலிக்கு மூக்குத் துடைக்கவா சம்பளம்?"
என்று சிரித்தான் தேன்பெட்டி வைத்திருக்கும் காவீ.
ஆமாம் காவீ, அதற்குத்தான்.

மேலே நிமிர்ந்து பூக்கும் அக்காள்மாருக்கு
நீண்ட வாலோடு தேன்சிட்டு வரும்.
வெயில் ஏறியதும் டெய்சிகளில்
குரங்கு வண்டுகள் தலைகுப்புறப் புகுந்து
பின்னங்கால்களை மட்டும் வெளியே உதைத்துக்கொண்டு
சண்டையா சரசமா என்று தெரியாமல் கிடக்கும்.
ஓர் ஈ இருக்கிறது;
உடம்பைவிட நீண்ட உறிஞ்சுகுழலை
வயிற்றுக்கடியில் தொங்கவிட்டுத் தள்ளாடி வரும்,
ஏணியோடு சந்தில் திரும்புகிறவனைப் போல.
இன்னொன்று, தேனுக்கு வராத தேனீ.
நீண்ட முன்கால்களைப் பூவுக்குள் விட்டு
எண்ணெய் துடைத்துப் போகும்.
போன கோடையில்
பெரிய பழுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று
என் சிவப்புத் தலைத்துணியில் மூன்று முறை இறங்கியது.
சிவப்பென்றால் தேன் என்று
அதற்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
நான் அசையவில்லை.
கொடுக்க ஒன்றுமில்லாத பூவாக நிற்பது
கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இவர்களுக்கெல்லாம் பாட்டு உண்டு, படம் உண்டு.
தரைப்பூவுக்கு வருகிறவன் இருட்டில் வருகிறான்.

பதினேழாம் பொறி மூடியிருந்தது.
துணிப்பையில் கவிழ்த்தேன்.
ஒரு முட்டையின் கனம்,
அதற்குள் ஓடுகிற தையல் இயந்திரம்.
பிடரியைப் பிடித்து மூக்கைத் திருப்பி
இளஞ்சிவப்புப் பசைத்துண்டால் ஒரே ஒற்று.
இடுப்பு மயிரில் கத்தரியால் சின்ன அடையாளம்.
விட்டேன்.
நன்றி சொல்லாமல் கல்லிடுக்கில் போனது.
நானும் சொல்லவில்லை.

வீடு அடிவாரத்தில்.
மாவு டின்னுக்குப் பின்னால்
மரப்பலகை, கம்பிச்சுருள், பாலாடைக்கட்டித் துணுக்கு.
அதுவும் நான் வைத்ததுதான்,
ரொட்டி மாவில் புழுக்கை பார்த்த ஆத்திரத்தில்.
மூன்றாம் நாள் காலை கம்பி விழுந்திருந்தது.
பெருக்கித் தள்ளத்தான் குனிந்தேன்.
இடுப்பில்
கத்தரி பட்ட இடம்.

ரூய்போஸுக்கு வைத்த தண்ணீர்
கொதித்துக் கொதித்துப் பாதியாகும்வரை
அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.
பிறகு பையிலிருந்து
ஒரு பசைத்துண்டை எடுத்தேன்.
மூக்கு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து தெம்பெக்கா வந்தாள்.
ரொட்டி பிசையும் மேசையிலேயே
நுண்ணோக்கியை வைத்தாள்.
ஒரு கண்ணை மூடி, உதடசைத்து எண்ணினாள்.
"முந்நூற்றுப் பன்னிரண்டு. வந்து பார்."
பார்த்தேன்.
முக்கோண மணிகள், ஒன்றின்மேல் ஒன்று,
சந்தைக்குப் போகிற வழியில்
யாரோ மூட்டை கிழிந்து சிந்திய மாதிரி.
இந்தப் பருவத்திலேயே இதுதான் அதிகம் என்று
பேனாவைத் திறந்தாள்.
"எந்தப் பொறி?"

தாளில் கட்டங்கள் நாற்பது.
மாவு டின்னின் மூடியை இறுக்கினேன்.
ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.
"நாற்பத்தொன்று" என்றேன்.